சாவியை எடுத்துக் கொடுத்த நண்பர்களுக்கு

அன்புள்ள தம்பிகளே, அண்ணன்மாரே,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் உங்களைப் பார்த்திருக்கிறேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு அரசு மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில், பத்தொன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டியில் பத்தரை மணிக்கு மேல் 108 வந்து நிற்கும். ஸ்ட்ரெச்சரில் ஒருவரை இறக்குவார்கள். பின்னாலேயே பைக்கில் நீங்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ வருவீர்கள். ஒருவர் கையில் அடிபட்டவரின் ஒற்றைச் செருப்பு. இன்னொருவர் வாயில் ஹால்ஸ். உள்ளே வராமல் கதவோரம் நிற்பீர்கள். அவருடைய மனைவியோ அம்மாவோ ஆட்டோவில் வந்து இறங்கும்போது மெல்ல நகர்ந்து ஆம்புலன்சுக்குப் பின்னால் போய்விடுவீர்கள்.

அப்படி நின்ற ஒருவர் ஒரு ராத்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், ஏ.ஆர்.ல குடிச்சிருந்தாருன்னு மட்டும் எழுத வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க சிஸ்டர். இன்சூரன்ஸ் கிடைக்காமப் போயிடும்."

ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. எத்தனை மணிக்கு வந்தார், எங்கே காயம், சுயநினைவு இருந்ததா, மூச்சில் மது வாடை இருந்ததா எல்லாம் அதில் ஏறிவிடும். அதை நானும் மாற்ற முடியாது, டாக்டரும் மாற்றக் கூடாது. கேட்டவர் விவரம் தெரிந்தவர்தான். வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, குடித்திருந்தால் கிடையாது. பாலிசியிலேயே அப்படித்தான் இருக்கிறது. அந்த விவரம் அவருக்கு ஒன்பதே முக்கால் மணிக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். ஆனால் ஒன்பதே முக்காலுக்கு அவர் செய்தது, தள்ளாடிய நண்பரின் பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, திருப்பி நிறுத்தி, சாவியைப் போட்டுக் கொடுத்தது. இதை யாரும் விசாரித்துக் கண்டுபிடிக்கவில்லை. அவரேதான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்தே இந்தக் கடிதத்தை மனதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அரசாங்கத்துக்கு எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரலில் இங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடினார்கள். அதே ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருப்பவற்றுக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு அதில் ஆதங்கம் உண்டு. ஆனால் உங்கள் நண்பர் சட்டைப் பையைத் தடவிச் சாவியைத் தேடுகிற அந்த இரண்டு நிமிடத்தில் அங்கே நீதிபதி இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, அவர் மனைவி இல்லை, நானும் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அரசு அறிக்கையின்படி 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இதில் குடித்துவிட்டு ஓட்டியதால் நேர்ந்தவை என்று நாட்டுக் கணக்கில் இருப்பது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ராத்திரி டியூட்டி பார்க்கிற எந்த நர்ஸும் இந்தக் கணக்கை நம்ப மாட்டாள். பெரும்பாலான மரணங்கள் 'அதிவேகம்' என்ற தலைப்பில் போய்விடுகின்றன. வேகமாகத்தான் வந்திருப்பார். ஆனால் ஏன் அப்படி வந்தார்? ஏ.ஆரில் 'மது வாடை' என்று ஒரு வரி இருந்தாலும், ரத்தம் எடுத்து அளந்து பார்க்காவிட்டால் அந்த வரி அந்த நோட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

"ஒரு கட்டிங்தான் சிஸ்டர் போட்டான்" என்று நீங்கள் சொல்லாத நாள் இல்லை. சரி, அந்தக் கட்டிங்கையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அப்படியென்றால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். பாதியான கட்டிங்கில் 30 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 65 முதல் 70 மில்லிகிராம் வரை ஏறும். சட்டம் அனுமதிப்பது 30. அதாவது நீங்கள் "சும்மா" என்று சொல்கிற கட்டிங்கே சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு. குவார்ட்டர் என்றால் நான்கு மடங்கு.

அது இறங்குவதும் மெதுவாகத்தான். ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காப்பி, தலையில் ஒரு சொம்பு தண்ணீர் என்று நீங்கள் செய்கிற எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. குளித்தவன் குளித்த போதையோடு வண்டி ஓட்டுவான், அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவர், நாலரை மணிக்குக் கோழி கூவும்போதும் வரம்புக்கு மேலேதான் இருப்பார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, மாப்பிள்ளையின் நண்பர்கள் மாடியில் ஒரு மணி வரைக்கும் குடித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அங்கேயே படுத்துத் தூங்கி, ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, வேட்டி கட்டி, பூ வாங்கிவரக் காரை எடுத்திருக்கிறார். தூங்கி எழுந்தாச்சு, தெளிந்தாச்சு என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா சாலையோரமாகத்தான் நடந்திருக்கிறார். எங்களால் முடிந்ததைச் செய்து மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். வழியிலேயே முடிந்துவிட்டது. அவருடைய மகள் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பால் தூக்கு. ஒரு பக்கம் தகடாக நசுங்கியிருந்தது. மூடி கழன்று வராதபடி இறுகிப்போய், உள்ளே கொஞ்சம் பால் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்று கேட்பீர்கள்: "மச்சான், ஓட்டிடுவியா?" அவர் "ஸ்டெடியா இருக்கேன்டா" என்பார். மது முதலில் தொடுவது காலை அல்ல, தன்னால் முடியுமா முடியாதா என்று எடைபோடுகிற புத்தியை. அது போன பிறகு அவரிடமே கேட்டு என்ன பயன்? கால் தள்ளாடாமல் நடக்கிறவருக்கும் எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் கூசிய கண் தெளிய நேரமாகும், பிரேக்கில் கால் போகத் தாமதமாகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தாமதம் என்றால் 16 மீட்டருக்கு மேல் போயிருப்பார். எங்கள் அவசரப் பிரிவின் வாசலிலிருந்து கடைசிக் கட்டில் வரைக்கும் அவ்வளவு தூரம் வராது.

அப்புறம் நீங்கள் சொல்லியனுப்பும் யோசனை. "மெயின் ரோட்ல போகாத, பாலத்துகிட்ட செக்கிங் நிக்கிறாங்க, உள் ரோட்ல போயிடு." அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். பத்தாயிரம் ரூபாய் அபராதத்திலிருந்து அவரைக் காப்பாற்றுகிறீர்கள். ஆனால் எங்கள் பக்கம் உள் ரோடு என்றால் விளக்கு இல்லாத ரோடு. கரும்பு வெட்டுகிற காலத்தில் லோடு ஏற்றிய டிராக்டர் டிப்பர்கள் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு, பைக்கில் வருகிறவரின் முகத்துக்கு நேராக இருக்கும். அந்தக் காயங்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றில் சிலவற்றுக்கு டிரெஸ்ஸிங் செய்ய எங்களிடம் இருந்த பஞ்சு போதவில்லை என்று மட்டும் சொல்கிறேன். ஹெல்மெட் பெரும்பாலும் கண்ணாடிக் கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

எல்லாவற்றையும் விட என்னால் தாங்க முடியாதது, நீங்கள் பாசத்தில் செய்யும் ஒரு காரியம். நண்பர் வண்டியோடு விழுந்துவிடுகிறார். எழுந்தும்விடுகிறார். "ஒண்ணும் ஆகலடா" என்று பேசுகிறார். தலையில் சின்ன வீக்கம், வேறொன்றும் இல்லை. இந்தக் கோலத்தில் வீட்டுக்குக் கூட்டிப்போனால் சண்டை வரும், ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும். அதனால் மோட்டார் கொட்டகையிலோ, யார் வீட்டு மாடியிலோ படுக்க வைக்கிறீர்கள். போதை தெளிந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள்.

அப்படி ஒருவரைக் காலை ஆறு மணிக்கு டாட்டா ஏஸில் கொண்டுவந்தார்கள். நெற்றியில் யாரோ விபூதி பூசியிருந்தார்கள். கை சில்லிட்டிருந்தது. கூட வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "நல்லாத்தான் தூங்கினாரு சிஸ்டர். குறட்டை விட்டுத் தூங்கினாரு. மூணு மணி வரைக்கும் குறட்டைச் சத்தம் கேட்டுச்சு."

தம்பி, அது தூக்கத்தின் குறட்டை இல்லை. தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசுவார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் மெல்லக் கட்டிக்கொண்டே வரும். பிறகு மயக்கம். நாக்கு உள்ளே சரிந்து மூச்சுக் குழாயை அடைக்கும்போது வருவதும் குறட்டைச் சத்தம்தான். குடிக்காதவர் இப்படி மயங்கினால் பத்து பேர் பதறுவார்கள். குடித்தவர் மயங்கினால் "நல்லா ஏறிடுச்சு" என்கிறார்கள். எங்களுக்கே பார்த்த உடனே சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்துப் பிழைக்க வைத்திருக்கலாம். அந்தப் பையனிடம் அன்றைக்கு இதை நான் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. இன்றைக்கு உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்: குடித்தவர் விழுந்தால், தலையில் பட்டிருந்தால், வாந்தி எடுத்தால், எழுப்பினால் எழாவிட்டால், 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். போலீஸ் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் ஓட்டியவனைத்தானே பிடிக்கும் என்று இருக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, குடித்துவிட்டு ஓட்டியவருக்கு முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மூன்று பிரிவு தள்ளி 188 இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் இந்தப் பிரிவை வைத்துத்தான், குடித்தவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தார்கள். அவர் குடிக்காதவராக இருந்தாலும் சரி. இடித்து யாராவது இறந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. பலரிடம் விற்பதற்கு ஒரு வீடுதான் இருக்கும்.

குடிக்காதீர்கள் என்று நான் இப்போது கேட்கவில்லை. கேட்க ஆசைதான், ஆனால் அது வேறு கடிதம். இதை மட்டும் கேட்கிறேன். மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே எல்லார் சாவியையும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். குடிக்காத ஒருவன் கூட வந்தால், "சைட் டிஷ் காலி பண்ண வந்தவன்" என்று கிண்டல் செய்யாதீர்கள். அன்றைக்கு உங்கள் எல்லோருடைய வீட்டுக்கும் அவன்தான் துணை. ஆட்டோ கிடைக்காவிட்டால் அங்கேயே படுங்கள். அவர் வீட்டுக்குப் போன் செய்து, "அண்ணி, இன்னைக்கு இங்கயே தங்கட்டும், காலையில டிபன் முடிச்சு நானே கொண்டுவந்து விடுறேன்" என்று சொல்லுங்கள். திட்டுவாங்கத்தான் செய்வீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் உதடு கிழிந்து ஒருவர் வந்தார். எப்படி என்று கேட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த இடத்தில் பங்காளி வீட்டு ஆட்களெல்லாம் குடித்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து கூடப் படித்த ஒருவர் பைக்கை எடுக்கப் போயிருக்கிறார். இவர் சாவியைப் பிடுங்கி அரிசி மூட்டைக்குள் போட்டுவிட்டார். நாலு பேர் முன்னால் கெட்ட வார்த்தை, அடி, உதட்டில் மோதிரம் கிழித்த காயம். மூன்று தையல். அப்போதும் சாவி எங்கே என்று சொல்லவில்லையாம்.

ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தபோது கேட்டேன், இப்போதாவது பேசுகிறாரா என்று.

"இல்ல சிஸ்டர். தினம் காலையில பைக்ல எங்க வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போறான். பாத்தும் பாக்காத மாதிரியே போறான்."

இப்படிக்கு,
உங்களை வாசலில் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு நர்ஸ்