லாரி வருவதற்கு முன்: வீடு மாறப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடு மாறப்போகிற குடும்பத்தாருக்கு,

வணக்கம். சாமான் கட்டி, ஏற்றி, இறக்கிக் கொடுக்கிற குழு ஒன்றில் மேஸ்திரியாக இருப்பவன் எழுதுகிறேன். முன்பணம் கட்டியதுமே எங்கள் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரு பட்டியல் வந்திருக்கும். அட்டைப்பெட்டி, டேப், மார்க்கர் என்று அது நீளும். அதைப் பார்த்துவிட்டுப் பலர் ராத்திரி பகலாக உட்கார்ந்து கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கட்டுவது எங்கள் வேலை, அதற்குத்தான் காசு வாங்குகிறோம். எங்களால் செய்யவே முடியாத வேலை ஒன்று உண்டு. எது வரும், எது வராது என்று முடிவு செய்வது. நாங்கள் வாசலில் வந்து நிற்பதற்குள் அதை முடித்து வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முடிவாகாத வீட்டில் என்ன நடக்கும்? பழைய மர பீரோவை நாலு பேர் சேர்ந்து தூக்கி நடை வரைக்கும் கொண்டுவந்திருப்போம். "அது எதுக்கு? புது வீட்டுல சுவரோட அலமாரி இருக்கே" என்பார் ஐயா. "எங்க அம்மா கொடுத்தது, வந்தே ஆகணும்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பேச்சு வளரும், பீரோ எங்கள் கையில் இருக்கும். கீழே வைப்பதா, திரும்ப உள்ளே கொண்டுபோவதா என்று முன்னால் பிடித்தவன் ஒன்று நினைப்பான், பின்னால் பிடித்தவன் வேறொன்று நினைப்பான். நிலைக்கதவில் இடிபடுவதும் பீரோவின் கால் முறிவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பாரம் எங்களுக்குப் பழகிப்போனது. பாரத்தோடு காத்து நிற்பதுதான் ஆகாது.

ஆகவே வராத சாமானை எல்லாம் முன்கூட்டியே கொடுப்பதைக் கொடுத்து, விற்பதை விற்றுத் தீர்த்துவிடுங்கள். முடியவில்லையா, ஒரே அறையில் போட்டுக் கதவைச் சாத்தி "எடுக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள். ஏனென்றால் நாங்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டுகிறவர்கள். குப்பைக்கூடையைக் குப்பையோடு சேர்த்துக் கட்டிப் புது வீட்டில் பத்திரமாக இறக்கி வைத்த கதை எங்கள் தொழிலில் சாதாரணம். புது வீட்டுச் சாவியும் போன் சார்ஜரும் நீங்கள் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டிய செருப்பும்கூட அப்படித்தான் பெட்டிக்குள் போகின்றன.

நகை, பணம், பத்திரங்கள், சான்றிதழ்கள், தினமும் சாப்பிடுகிற மாத்திரை, லேப்டாப், இவை எதுவும் லாரியில் ஏறவே கூடாது. ஒரு பையில் போட்டு, நாங்கள் உள்ளே வருவதற்கு முன்பே உங்கள் காரிலோ நம்பிக்கையான ஒருவர் கையிலோ கொடுத்துவிடுங்கள். தொலைந்தால் உங்களுக்கு நஷ்டம், எங்களுக்குக் கெட்ட பெயர். பிறகு அந்தப் பொருள் உங்கள் கைப்பையிலேயே கிடைத்தாலும், அதுவரைக்கும் என் பையன்கள் தலைகுனிந்து நின்றது நின்றதுதான்.

சாமானைப் பார்த்துக் கணக்கெடுக்கிற சர்வேக்கு வருகிறவரிடம் எதையும் மறைக்காதீர்கள். அவர் கன அடிக் கணக்குப் போட்டுத்தான் லாரியின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதுகிறார். பரணில் இருப்பது, கட்டிலுக்கு அடியில் இருப்பது, கார் நிறுத்துமிடத்தில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள் எல்லாவற்றையும் காட்டுங்கள். வாடகை குறையுமே என்று சொல்லாமல் விட்ட சாமான், லாரி நிறைந்தபின் தெருவில் நிற்கும். அதற்கு இன்னொரு நடை, இன்னொரு கூலி. புது வீட்டில் சோஃபா நுழையுமா என்பதையும் சாமான் இறக்குகிற அன்றைக்குத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். அளக்க வேண்டியது கதவுப் பலகையை அல்ல, கதவைத் திறந்தபின் கிடைக்கிற இடைவெளியை. மாடிப்படி திரும்புகிற இடமும் லிஃப்ட்டின் உள்ளளவும் அதே அளவுக்கு முக்கியம். லாரி நிறுத்தவும் லிஃப்ட் பயன்படுத்தவும் அனுமதி வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் வாங்கி வையுங்கள்.

இயந்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜை முந்தின நாளே காலி செய்து, அணைத்து, கதவைத் திறந்து போட்டுவிடுங்கள். உறைந்த ஐஸ் முழுக்கக் கரைந்து வடியக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். காலையில் அவசரமாக அணைத்த ஃபிரிட்ஜ் லாரிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே வரும், பக்கத்துப் பெட்டிகளின் அடி நனைந்து பிய்ந்துவிடும். ஃபிரிட்ஜை நாங்கள் நிற்க வைத்தே கொண்டுபோவோம். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் கேஸ் ஓடுகிற குழாய்க்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் படுக்க வைக்க நேர்ந்தால், இறக்கியதும் பல மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும்.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினில் டிரம், ஸ்பிரிங்கில் தொங்குகிறது. வாங்கிய அன்று மெக்கானிக் பின்பக்கத்திலிருந்து நீளமான போல்ட்டுகளைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்திருப்பார். டிரம் ஆடாமல் பிடித்துவைக்கிற போல்ட்டுகள் அவை. அவற்றை இப்போதே தேடி எடுங்கள். மாட்டாமல் ஏற்றினால் வழி நெடுக டிரம் அடிபட்டுக்கொண்டே வரும். புது வீட்டில் கழற்ற மறந்துவிட்டு ஓட்டினாலோ மெஷினே அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடும். கீழே உள்ள ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். டிவிக்கு அது வந்த அட்டைப்பெட்டியே உத்தமம். அதையும் படுக்க வைக்கக் கூடாது. பின்னால் இருக்கும் ஒயர்களைப் பிடுங்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் போதும்.

கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயின்ட், தின்னர், ஆசிட், ஸ்பிரே டப்பா எதையும் எங்களிடம் கொடுக்காதீர்கள். மூடிய லாரிக்குள் வெயில் நேரத்தில் சூடு எப்படி ஏறும் என்பது உள்ளே நின்று அடுக்குகிறவனுக்குத்தான் தெரியும். மீன் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர்தானே என்று விட்டுவைக்காதீர்கள். தூக்கும்போது அந்தத் தண்ணீர் அலைந்து கண்ணாடிகள் ஒட்டியிருக்கிற இணைப்பை விலக்கிவிடும்.

நானே கட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீங்கள் கட்டிய பெட்டிக்குள் ஏதாவது உடைந்தால் பல நிறுவனங்கள் பொறுப்பு ஏற்பதில்லை. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கட்டினால் ஒழுங்காகக் கட்டுங்கள். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடுங்கள், தலையணையைப் பெரிய பெட்டியில். இதை மாற்றிச் செய்கிறவர்களை எங்கள் இடுப்பு லேசில் மறக்காது. பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், தனித்தனியாகக் காகிதம் சுற்றி விளிம்பில் நிற்க வையுங்கள். அடியிலும் மேலேயும் கசக்கிய காகிதம் கெட்டியாக இருக்கட்டும். மூடிய பெட்டியைக் காதருகே வைத்து லேசாகக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் திறந்து இன்னும் காகிதம் திணியுங்கள். அரைப்பெட்டி காலியாக இருந்தாலும் தொல்லைதான், மேலே இன்னொன்று ஏறியதும் நசுங்கும். பெயரை மூடியில் எழுதினால் அடுக்கியபின் தெரியாது. பக்கவாட்டில் எழுதுங்கள், அதுவும் பெட்டி போய்ச் சேர வேண்டிய அறையின் பெயரை.

மரத்தூளை அழுத்திச் செய்கிற துகள் பலகை அலமாரிகளைப் பற்றி என் சொந்த அபிப்பிராயம்: ஒருமுறை கழற்றிவிட்டால் திருகு பழைய ஓட்டையில் பழையபடி பிடிக்காது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால் அதைச் சுமக்கக் கூலி கொடுக்காதீர்கள். கட்டாயம் வேண்டுமென்றால் திருகுகளை ஒரு கவரில் போட்டு அதே பலகையிலேயே ஒட்டிவிடுங்கள்.

அன்றைக்கு எங்களுக்கு உத்தரவு போட ஒரே ஒருவர் போதும். குழந்தைகளும் நாயும் பூனையும் நடமாட்டமில்லாத இடத்தில் இருக்கட்டும். பெரிய மெத்தையைத் தூக்கிவருகிறவனுக்குக் காலடியில் இருப்பது தெரியாது. புது வீட்டில் முதல் நாள் ராத்திரிக்கு வேண்டிய துணி, போர்வை, சோப்பு, பல்ப், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள், அதுதான் முதலில் இறங்கும்.

இறக்கி முடித்ததும் ஒரு காகிதத்தை நீட்டி உங்களிடம் கையெழுத்துக் கேட்பேன். அசதியில் அப்படியே போட்டுவிடாதீர்கள். பெட்டி எண்களைச் சரிபாருங்கள், உடையக்கூடியவற்றை எங்கள் முன்னாலேயே திறந்து பாருங்கள். கீறலோ உடைசலோ இருந்தால் அதே தாளில் எழுதிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முகம் சுளிப்போம் என்று தயங்க வேண்டாம், எழுதி முடிக்கும்வரை நிற்கிறோம்.

இப்படிக்கு,
சாமான் ஏற்றும் குழுவின் மேஸ்திரி ஒருவர்