பிரசவ அறையில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். மூத்தவன் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் பிறந்தான். இளையவள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாள். இரண்டும் சுகப்பிரசவம்தான். ஆனால் முதல் பிரசவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். இரண்டாவதை நினைத்தால் ஒரு நர்ஸம்மாவின் கை ஞாபகத்துக்கு வரும்.

மூத்தவனுக்கு விடியற்காலை நாலு மணிக்குப் பனிக்குடம் உடைந்து 108இல் போனோம். பிரசவ அறை வாசலில் ஒரு கம்பிக் கதவு. அம்மாவை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஆறு கட்டில், நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது. மல்லாக்கப் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். வலி ஏற ஏற, ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "அசையாம கிட" என்று பதில் வந்தது. எதிர்க் கட்டிலில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்த்து ஒருவர் சொன்னதை இங்கே எழுதக் கூசுகிறது. அது என்ன வார்த்தை என்று பிரசவ அறையில் திட்டு வாங்கிய பெண்களுக்குத் தெரியும். கடைசியில் ஒருவர் என் மேல்வயிற்றில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா ஒன்பது மணி நேரம் அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பையில் துவைத்து மடித்த பழைய புடவைகள், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். அந்த வெந்நீரில் ஒரு வாய் எனக்கு வந்து சேரவில்லை.

அங்கே வேலை பார்த்த செவிலியர்களைத் திட்டி முடித்துக்கொள்ள எனக்கு மனசில்லை. ஆறு கட்டிலுக்கு இரண்டே பேர். அதிலும் ஒருவர் பாதி நேரம் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்.

இளையவளுக்கு வலி கண்டபோது சுகாதார நிலையத்தில் இருந்தவர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு நர்ஸம்மா. என் அண்ணியையும் கூடவே உள்ளே வரச் சொன்னார். "படுக்காத, நட. தண்ணி குடி. ஒண்ணுக்கு வந்தா அடக்காத" என்றார். வலி வரும்போதெல்லாம் இரண்டு உள்ளங்கையையும் என் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்தார். பாதி வலி அந்தக் கைக்குள் போய்விட்டது போல இருந்தது. அப்புறம் அதே மாதிரி பிடிக்க அண்ணிக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குந்தினேன், மண்டி போட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. முக்கு முக்கு என்று யாரும் கத்தவில்லை. "உனக்கே தோணும், தோணும்போது முக்கு" என்றார். ஒரு தையல்கூடப் போடாமல் பிள்ளை பிறந்து, ஈரத்தோடு என் நெஞ்சில் கிடந்தாள்.

அவர் செய்ததில் எதற்கும் காசு செலவாகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இதையேதான் சொல்கின்றன: தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்கட்டும், நடக்கட்டும், தனக்கு வசதியான நிலையில் பெறட்டும், வயிற்றை அழுத்த வேண்டாம். பிரசவம் முழுக்கத் துணையிருப்பது பற்றி 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைந்திருக்கிறது, வலி நேரமும் குறைந்திருக்கிறது.

நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. எங்கள் பாட்டி வீட்டில் பிள்ளை பெறும்போது, அவளும் பிள்ளையும் பிழைப்பது சாமி விட்ட வழியாக இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 100 பிரசவத்தில் 99க்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் 63.8. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் மொத்தமே 34.1தான். சிசேரியன் உயிர் காக்கும், அது தேவைப்பட்டவர்களை எனக்கே தெரியும். ஆனால் வலி வருவதற்கு முன்பே "ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று கேட்கும் பெண்களையும் தெரியும். என் நாத்தனார் வட்டிக்குக் கடன் வாங்கித் தனியாருக்குப் போனாள். அவள் பயந்தது வலிக்கு அல்ல, நான் சொன்ன கதைக்கு. இன்னும் சிலர் மருத்துவமனையே வேண்டாம் என்கிறார்கள். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் உயிரிழந்தார். அப்படிச் செய்வது தப்பு, சந்தேகமே இல்லை. மருத்துவமனையில் மரியாதை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் அந்தத் தப்பு குறையும்.

உறவுப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்பது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. மத்திய அரசும் 2016இல் அதற்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. காகிதத்தில் இருப்பது கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. காரணம் கேட்டால், மற்ற பெண்கள் துணியில்லாமல் கிடக்கும் இடத்தில் வெளியாளை எப்படி விடுவது என்கிறார்கள். நியாயம்தான். அதற்கு வேண்டியது கட்டிலுக்கு ஒரு திரை, பக்கத்தில் ஒரு ஸ்டூல். முதலில் அதைச் செய்யுங்கள்.

அடுத்தது அந்த நர்ஸம்மா மாதிரி ஆட்கள். செவிலியர்களுக்கு 18 மாதம் பயிற்சி கொடுத்து மருத்துவச்சிகளாக்கும் திட்டத்தை 2018இல் மத்திய அரசு அறிவித்தது. தெலங்கானா அதற்கு முன்பே, 2017இல், கரீம்நகரில் தொடங்கிவிட்டது. நம் பெரிய மருத்துவமனைகளிலும் பிரசவ அறைக்கென்றே அவர்கள் வேண்டும். பயிற்சி முடித்தவரைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றாதீர்கள்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கிராம சுகாதாரச் செவிலியர் வந்து பார்ப்பார். பிள்ளையின் எடையையும் தாயின் தையலையும் கேட்பார். "அங்கே உன்னை எப்படி நடத்தினார்கள்?" என்றும் அவர் கேட்டு எழுதி அனுப்பட்டும். என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை.

என் தங்கைக்கு மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். நான் முதல் பிள்ளை பெற்ற அதே மருத்துவமனைதான். இடுப்பில் எங்கே கை வைக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். அவளோடு வருவேன், என்னை உள்ளே விடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்