இடது கைக்கும் நோட்டு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்

ஐயா,

உங்கள் இதழில் கோடை விடுமுறை கீபோர்டு வகுப்புகள் பற்றிய செய்தியைப் படித்தேன். தபால் வேலையில் ஓய்வு பெற்றவன் நான். 61 வயதில் பேத்தியோடு பியானோ கற்கிறேன்.

முதலில் போன வகுப்பில் (பெயர் வேண்டாம்) வலது கை மெட்டு மட்டும்தான். நோட்டுக்கு (கோடுகளில் எழுதிய இசைக் குறிக்கு) மேலே பென்சிலில் ஆங்கில எழுத்தும் போட்டுத் தந்துவிடுவார்கள். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் கிரேடு தேர்வுப் (படிப்படியான இசைத் தேர்வு) புத்தகத்தைத் திறந்தால், ஐந்து ஐந்து கோடாக இரண்டு அடுக்கு, மேலே வலது கைக்கு, கீழே இடது கைக்கு! மேல் அடுக்கின் அடிக்கோட்டில் உட்கார்ந்திருப்பது ‘ஈ’ (E) என்ற ஸ்வரம். கீழ் அடுக்கில் அதே அடிக்கோட்டில் ‘ஜி’. பேத்தி அழுதேவிட்டாள். எனக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

இப்போதைய டீச்சர் அந்தப் பென்சில் எழுத்துகளை ரப்பர் வைத்து அழிக்கச் சொன்னார். இரண்டு அடுக்குக்கும் நடுவே குட்டிக்கோட்டில் நிற்கும் ‘நடு சி’யைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகப் பழக்கினார். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் அடுத்த வெள்ளைக் கட்டை, அவ்வளவுதான். முதலில் இடது கை தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து, நாளுக்கு இரண்டே ‘பார்’ (செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்த சிறு பகுதி). என் சுண்டுவிரல்தான் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை.

வகுப்பு நடத்துபவர்கள், இரண்டு கைக்கும் நோட்டு வாசிக்கக் கற்றுத் தருவார்களா என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தாத்தா மாணவர்,
பாளையங்கோட்டை