அசலுக்கு இரண்டு, நகலுக்கு நாலு

அன்புள்ள செல்வா,

இங்கே இங்கிலாந்தில், டெர்பியில் ஒருவழியாக வெயில் வந்தது. சனிக்கிழமை அக்காவும் அத்தானும் என்னைக் கெடில்ஸ்டன் ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். 1905இல் வங்காளத்தைப் பிரித்தாரே கர்சன், அவர் பிறந்த வீடு. இப்போது நேஷனல் டிரஸ்ட் என்று பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம்.

வீடு என்று சொல்லவே வாய் வரவில்லை. நுழைந்ததும் ஒரு மண்டபம், இருபது அலபாஸ்டர் கல் தூண்கள், இளஞ்சிவப்பு வரியோடு. கோயில் மண்டபங்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கே கொஞ்சம் பேச்சு நின்றுபோனது. ஆனால் இந்த நடுக் கட்டடம் விருந்தாளிகளை அசத்தத்தானாம். குடும்பம் இருந்தது ஒரு பக்கக் கட்டடத்தில், சமையற்கட்டு எதிர்ப்பக்கத்தில், நடுவே வளைந்த தாழ்வாரங்கள். சூடாக ஒரு வாய் சாப்பிட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம். இந்த அழகுக்காக 1760 வாக்கில் பக்கத்திலிருந்த கிராமத்தையே பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்களாம். கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், அதாவது அவர்களுடைய தேவாலயத்தை.

கீழ்த்தளத்தில் கர்சன் நம் பக்கத்திலிருந்து கொண்டுபோன சாமான்கள். தந்தம், வெள்ளி, ஆயுதம். அவற்றைவிட அவர் மனைவி 1903இல் பிரிட்டிஷ் அரசர் முடிசூடியதைக் கொண்டாடிய டெல்லி தர்பாரின்போது நடன விருந்துக்கு உடுத்திய மயில் கவுன்தான் என்னை நிறுத்தியது. துணி முழுக்க ஜரிகையில் மயிலிறகு வேலைப்பாடு, ஒவ்வொரு கண்ணிலும் பச்சை வண்டின் நிஜச் சிறகு. டெல்லியில் நம் ஆட்கள் போட்ட பூவேலை, தையல் பாரிஸில். பெயர் வாங்கியது யார் என்று நீயே யோசி.

சரி, உனக்கு எழுத வந்த விஷயம் இது. உங்கள் கல்கத்தா ஆளுநர் மாளிகை இந்த வீட்டைப் பார்த்துத்தான் 1803இல் கட்டி முடிக்கப்பட்டது. கர்சன் வைஸ்ராயாக அங்கே போனபோது தன் வீட்டுச் சாயலிலேயே குடியேறியிருக்கிறார்! வேடிக்கை என்னவென்றால், கெடில்ஸ்டனுக்கு நாலு பக்கக் கட்டடம் என்று திட்டம் போட்டு இரண்டோடு நிறுத்திவிட்டார்கள். கல்கத்தாவில் நாலும் இருக்கிறது. அக்கா நம்ப மாட்டேன் என்கிறாள். அந்தப் பக்கம் போகும்போது வெளியிலிருந்து எத்தனை தெரிகிறது என்று பார்த்து அவளுக்கு ஒரு போட்டோ அனுப்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா