நையாண்டிப் பேச்சையும் வரலாற்றுல சேருங்க, விவரத்தோட சேருங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோயில் மலர்லயும் ரப்பர் தோட்டத்து வரலாறுன்னு நம்ம ஆளுங்க போடுற புத்தகத்துலயும் பாட்டன் பூட்டன் பேசின நையாண்டிப் பேச்சையெல்லாம் சேர்க்கக் கூடாது, கல்வெட்டு, கடிதம், கணக்குப் புத்தகம்னு ஆதாரம் இருந்தா எழுதுங்க, இல்லாட்டி விட்டுடுங்கன்னு போன ஞாயிறு உங்க வாசகர் பக்கத்துல ஒரு அன்பர் எழுதியிருந்தார். அவர் கவலை எனக்குப் புரியுது, ஆனா அவர் சொல்ற தீர்வை ஒத்துக்க முடியல.

கவலை நியாயமானதுதான். நல்ல பேச்சு ஒண்ணு கிளம்பினா அது ஒரு பெரிய பேரைத் தேடிப் போய் ஒட்டிக்கும். கம்பர், ஒட்டக்கூத்தர், ஔவையார் எல்லாம் பாட்டாலயே மோதிக்கிட்ட கதைங்க விநோதரச மஞ்சரி மாதிரி 19ஆம் நூற்றாண்டு புத்தகங்க வழியா நம்ம வீட்டுக்கெல்லாம் வந்துச்சு, அதையே வரலாறுன்னு நினைச்சவங்க ஏராளம். ரொட்டி இல்லன்னா கேக் சாப்பிடட்டும்னு பிரான்ஸ் ராணி மரி அந்துவானெத் சொன்னதா இன்னைக்கும் பேசுறோம், ஆனா பேர் சொல்லாத ஒரு இளவரசி அப்படிச் சொன்னதா ரூசோ எழுதினப்ப இந்த ராணி ஆஸ்திரியாவுல சின்னப் பொண்ணு.

சரி, சொன்னவர் பேர் தப்பு. அதுக்காகப் பேச்சையே தூக்கி எறியணுமா? அதைத் திரும்பத் திரும்பச் சொன்னவங்க யாரு, எதுக்குச் சொன்னாங்கன்னு கேட்டா அங்கதான் வரலாறு இருக்கு.

நம்ம பக்கத்து விஷயத்தையே எடுத்துக்குங்க. 1025ல ராஜேந்திர சோழன் படை கடாரத்தை அடிச்சது. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி"ன்னு அவர் மெய்க்கீர்த்தியே சொல்லுது. பினாங்குல இருந்து பாலம் தாண்டி வடக்கால போனா அந்தக் கடாரம், அதாவது இன்னைய கெடா. அங்க இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்குக்கு பஸ் எடுத்துப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய்க் காட்டுறோம், பெருமைப்படுறோம். ஆனா அது ஜெயிச்சவங்க கல்லுல வெட்டினது. அதுக்குக் கிட்டத்தட்ட 600 வருஷம் கழிச்சு, 1612ல துன் ஸ்ரீ லானாங் தொகுத்ததா சொல்ற மலாய் ராஜாக்கள் வரலாறான செஜாரா மெலாயுல ராஜா சூரான்னு ஒருத்தர் வர்றார், அது சோழர் படையெடுப்போட நினைவுதான்னு ஆராய்ச்சிக்காரங்க பலர் சொல்றாங்க. வழியில உள்ள ராஜ்யத்தையெல்லாம் ஜெயிச்சுக்கிட்டு, சீனாவைப் பிடிக்கணும்னு தெமாசெக், அதாவது இன்னைய சிங்கப்பூர் வரைக்கும் வந்துடுறார். சீன ராஜா படை அனுப்பல, ஒரு கப்பல்தான் அனுப்புறார். அதுல பல்லு போன கிழவங்க, துருப்பிடிச்ச மெல்லிசு ஊசிங்க, காய்ச்சு நிக்கிற இலந்தை மரம். சீனாவுக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டா, நாங்க கிளம்புறப்ப எங்களுக்கு 12 வயசு, இந்த மரம் அப்ப வெறும் விதை, இந்த ஊசி அப்ப கை தண்டி இரும்புக் கம்பி, இப்பத்தான் இங்க வந்து சேர்ந்தோம்னு சொல்றாங்க. ராஜா அதை நம்பி படையோட திரும்பிடுறார்.

இது நடந்திருக்காது, சந்தேகமே இல்ல. ஆனா இந்தக் கரையில இருந்தவங்க அந்தப் படையை எப்படி ஞாபகம் வச்சிருந்தாங்க, கத்தியால முடியாததை வாயால சாதிச்சதுல அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்னு இந்தக் கிண்டல்லதான் தெரியுது, மெய்க்கீர்த்தியில தேடினா கிடைக்காது. கடாரம் கொண்டான்னு சொல்லித் தலை நிமிர்ற நாம இதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

காளமேகத்தோட சத்திரப் பாட்டும் அப்படித்தான். "கத்துக்கடல் சூழ் நாகைக் காத்தான் தன் சத்திரத்தில்" பொழுது சாயும்போது அரிசி வரும், குத்தி உலையில போடுறப்ப ஊர் அடங்கிடும், ஒரு அகப்பை சோறு இலையில விழுறப்ப வெள்ளி முளைச்சிடும். அவர்தான் பாடினாரா வேற யாரோவான்னு அடிச்சுக்கலாம், ஆனா துறைமுக ஊர்ல வழிப்போக்கருக்குச் சோறு போட ஒரு சத்திரம், அங்க பசியோட ராத்திரி முழுக்கக் காத்துக் கிடக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்ச ஒருத்தர்தான் அதைப் பாடியிருக்க முடியும். நம்மில் பல குடும்பம் பினாங்குக்குக் கப்பல் ஏறினதே அந்த நாகப்பட்டினத்துலதான்.

சீனர்கள் இதே சண்டையை எப்பவோ போட்டுட்டாங்க. 5ஆம் நூற்றாண்டுல தொகுத்த ஷிஷுவோ ஷின்யூ முழுக்க அதிகாரிங்களும் அறிஞர்களும் பேசின சாமர்த்தியப் பேச்சுதான். 648ல முடிஞ்ச ஜின் வம்ச வரலாற்றுல அரசாங்கமே அதுல இருந்து அள்ளிப் போட்டுக்கிச்சு, லியு ஜிஜிங்கிற வரலாற்று அறிஞர் 710ல எழுதின நூல்ல அதைக் கண்டிச்சார். எனக்குப் பிடிச்சது இவங்களுக்கு முன்னாடியே ஷிஷுவோ ஷின்யூவுக்கு உரை எழுதின லியு சியாவ்பியாவ் செஞ்ச வேலை. எதையும் வெட்டாம, ஒவ்வொரு பேச்சுக்கும் கீழ வேற நூல்கள்ல என்ன இருக்கு, எது பொருந்தலன்னு எழுதி வச்சார்.

இதைத்தான் நம்ம தோட்டத்து மலருக்கும் கேக்குறேன். ஊர்ல மழை பேஞ்சா அடுப்பு எரியும், இங்க மழை பேஞ்சா அடுப்பு அணையும்னு எங்க பாட்டி சொல்லும். மழை பேஞ்சா ரப்பர் மரம் சீவ முடியாது, கோப்பையில பால் நிக்காது, அன்னைக்குச் சம்பளம் இல்ல. ஒரு தோட்டத்துப் பொருளாதாரமே அந்த ஒரு வரியில இருக்கு. அதை ஒரு மலர்ல போட்டாங்க, எப்படின்னா, விளம்பரத்துக்கு அடியில மிச்ச இடத்தை அடைக்க, சிரிப்புத் துணுக்குன்னு தலைப்பு வச்சு, பேர் இல்லாம, தோட்டம் இல்லாம. எனக்கு மனசு ரொம்ப வலிச்சுது.

மலர் போடுறவங்க தயவுசெஞ்சு யார் சொன்னது, எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த வருஷம், யார் கிட்ட கேட்டு எழுதினீங்க, இதே பேச்சு வேற தோட்டத்துலயும் இருக்கான்னு கீழ நாலு வரி போடுங்க, சம்பளக் கணக்கு வர்ற அத்தியாயத்துலயே போடுங்க. துரைங்களுக்கு வச்ச பட்டப்பேரு, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துப் பேச்சு, கங்காணியைப் பத்தின கேலி எல்லாம் அப்படியே வரட்டும், உறுதியா தெரியாததைத் தெரியாதுன்னே எழுதுங்க. உங்க ஞாயிறு பதிப்புல இதுக்கு அரைப்பக்கம் ஒதுக்கினா நான் சேர்த்து வச்சிருக்கிறதை இந்த விவரத்தோட அனுப்பத் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு