ஆறு மணி வரை பிள்ளைகளை விளையாட விடுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பார்க்க வந்த அன்று உங்களில் பலர் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர், இன்னொரு டியூஷன் சேர்த்துவிட்டா நல்லா வருவானுங்களா?" கூட்டத்துக்கு நடுவில் அதைப் பற்றி விரிவாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இப்போது போகிற டியூஷனையும் மாலை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுகிற 4.10 மணியிலிருந்து ஆறு மணி வரை பிள்ளைகள் விளையாடட்டும்.

நீங்கள் ஏன் டியூஷனுக்கு அனுப்புகிறீர்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். திருப்பூரில் பாதி வீடுகளில் அப்பா பனியன் கம்பெனியில் டைலர், அம்மா அங்கே தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். தீபாவளி நெருங்கும்போது அதுவும் நீளும். தேனியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து குடியிருக்கும் குடும்பங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் கிடையாது, அத்தையும் கிடையாது. பூட்டிய வீட்டில் தனியாக இருப்பதைவிட டியூஷன் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று நினைக்கிறீர்கள். அதில் தவறே இல்லை. ஆனால் பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் என்பது வேறு, நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வேறு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

மாலையில் பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கடைசி மணி அடித்த கையோடு டியூஷன் ஆட்டோ வந்துவிடும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தோளில் பையை மாட்டியபடி, கால் கட்டைவிரலால் மண்ணில் நொண்டிக்கட்டம் போடுகிறாள். மூன்று கட்டம் போடுவதற்குள் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிடுகிறார். நான்காம் வகுப்புப் பையன் ஆட்டோவுக்குள்ளேயே ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்க ஆரம்பிக்கிறான். அங்கே போய், காலையில் நாங்கள் நடத்திய அதே பாடத்தை வேறு நோட்டில் மறுபடி எழுதுகிறான். எட்டு மணிக்கு வீடு, சாப்பாடு, கொஞ்ச நேரம் போன். படுக்கும்போது பதினொன்று. காலை ஆறு மணிக்கு எழுப்பினால் தூக்கம் ஏழு மணி நேரம்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்குக் குறைந்தது ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். முதல் பாடவேளையிலேயே கண் சொருகும் பிள்ளைக்கு எத்தனை டியூஷன் வைத்தும் என்ன பயன்?

விளையாட்டு நேரத்தை வீண் நேரம் என்று நினைக்காதீர்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. தைவான் நாட்டில் பிள்ளைகளின் பார்வைக் குறைபாடு ஏறிக்கொண்டே போனபோது, 2010-இல் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். தினமும் 120 நிமிடம் பிள்ளைகளை வெளிச்சத்தில், வெளியில் இருக்கவிட வேண்டும், அவ்வளவுதான். ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. நம் பள்ளியிலும் கண் பரிசோதனை முடிந்ததும் கண்ணாடி போட வேண்டிய பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை பையன்களை முந்திக்கொண்டு ஓடிய பெண்கள், ஏழாம் வகுப்பு வந்ததும் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்டால், "வீட்ல விளையாடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எலும்பும் தசையும் உறுதிப்படுகிற வயது இதுதான். மாதவிடாய் நாட்களில் வலி இருந்தால் உட்காரட்டும், வலி இல்லாவிட்டால் விளையாடட்டும். அதை அவளே முடிவு செய்வாள். அப்புறம், வீடு கூட்டுவதும் பாத்திரம் தேய்ப்பதும் தண்ணீர் பிடிப்பதும் அக்காவின் வேலை, தம்பிக்கு மட்டும் கிரிக்கெட் என்ற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வேலையை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் விளையாட நேரம் கிடைக்கும்.

காலை டியூஷன் வேண்டவே வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் இங்கேயே உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடுகிறது. ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கு அது கிடையாது. ஆறரை மணி டியூஷனிலிருந்து நேராகப் பள்ளிக்கு வரும் பிள்ளை, மதியம் சத்துணவு வரைக்கும் வெறும் வயிறுதான். இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் கேட்பது "சாப்பிட்டியா கண்ணு?" என்றுதான். பதில் பெரும்பாலும் ஒரு தலையாட்டலோடு சரி.

எங்கள் ஆசிரியர் யாராவது டியூஷன் நடத்தினால் அதில் சேர்க்கலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று சொல்கிறது. இங்கே யாரும் எடுப்பதில்லை. பாடம் புரியாத பிள்ளைக்குப் பள்ளி நேரத்திலேயே சொல்லித் தருவது எங்கள் பொறுப்பு. எந்தப் பாடம் வரவில்லை என்று நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போதும்.

சரி, ஆறு மணி வரை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? நவம்பர் முதல் வேலை நாளிலிருந்து பள்ளி மைதானம் 5.45 வரை திறந்திருக்கும். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் வருகிற மூன்று நாட்களில் கபடி, கோ-கோ, எறிபந்து இருக்கும். மற்ற நாட்களில் ஆசிரியர்கள் இருவர் முறை வைத்து உடன் இருப்பார்கள். அப்போது பிள்ளைகள் இஷ்டப்பட்டதை விளையாடலாம். மழை பெய்து மைதானம் சேறானால் தாழ்வாரத்தில் கேரம், பல்லாங்குழி. பள்ளிக்குப் பக்கத்தில் டியூஷன் நடத்துபவர்களிடமும் பேசினோம். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விடத் தெரு வாரியாக இரண்டு பெற்றோராவது முன்வந்தால் நன்றாக இருக்கும். ஷிப்டுக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர்கள் பெயர் கொடுங்கள்.

பையில் ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி பொரிகடலையோ, தண்ணீர் பாட்டிலோடு வைத்து அனுப்புங்கள். கடை பாக்கெட் நொறுக்குத்தீனிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இதைப் பற்றிப் பேச வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளியில் கூடுவோம். வேலை நாளில் கூப்பிட்டால் உங்கள் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதால்தான் ஞாயிறு. அப்பாக்களும் அவசியம் வர வேண்டும். கடிதத்தோடு உள்ள படிவத்தில், மாலையில் பிள்ளையை அழைத்துப் போக வருபவரின் பெயரையும் போன் எண்ணையும் எழுதி, கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எழுத முடியாதவர்கள் நேரில் வந்து சொன்னால் நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்