செயலாளர் ஆண்டறிக்கை: செயினுக்கு ஒதுக்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, டர்ட் பைக் ஓட்டும் நம் சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் நீங்கள் எடுத்த முடிவிலிருந்து ஆரம்பிக்கிறேன். சவாரி மட்டும் போய் வந்துகொண்டிருந்தால் போதாது, வண்டிப் பராமரிப்பில் ஒரு வேலையையாவது ஒவ்வொரு உறுப்பினரும் தன் கையால் செய்யப் பழக வேண்டும் என்று சொன்னீர்கள். செயற்குழு கூடியபோது ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில், சஸ்பென்ஷன் என்று பல யோசனைகள் வந்தன. ஏர் ஃபில்டரும் இதே அளவுக்கு முக்கியம் என்பதே என் கருத்து. ஆனாலும் பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியவர்களைக் கேட்டால், பெரும்பாலும் செயின் அறுந்தது, செயின் கழன்றது, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக் விழுந்தது என்றுதான் பதில் வந்தது. அதனால் செயினைத் தேர்ந்தெடுத்தோம்.

நிர்வாக விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நடவடிக்கைக் குறிப்பேடு மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு செலவுக் கணக்கை எனக்குப் பிறகு பொருளாளர் வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் இளைஞர்கள், முதல் வண்டி வைத்திருப்பவர்கள். இந்த ஆண்டின் பட்டறைகள் அவர்களை மனதில் வைத்தே நடந்தன.

முதல் பட்டறையில் எதையும் சுத்தம் செய்யவில்லை. பார்க்க மட்டும் செய்தோம். ஒரு புதிய உறுப்பினரின் வண்டியில், செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியைக் கழற்றினோம். செயின் வெளியே பளபளவென்று இருந்தது. அவர் சவாரிக்குச் சவாரி தவறாமல் ஸ்ப்ரே அடிப்பவர். மூடிக்கு உள்ளேயோ காய்ந்த மண்ணும், லூப் என்று நாம் சொல்லும் பழைய மசகும் சேர்ந்து கட்டியாக இறுகி, ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி ஒரு வளையம் போல அச்சு எடுத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. அதில் ஒரு துண்டை எல்லோர் கையிலும் கொடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னோம். நறநறவென்று இருந்தது. உப்புத்தாளை உள்ளங்கையில் தேய்ப்பது மாதிரி. சவாரி முழுக்க அந்தச் செயின் அதற்குள்தான் ஓடியிருக்கிறது.

இந்த ஆண்டு நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். அழுக்கின் மேல் அடிக்கும் லூப் செயினைக் காப்பாற்றாது, தேய்க்கும். மணலை ஒட்டவைத்து, அதை ரோலருக்கும் ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் நடுவில் கொண்டுபோய் வைக்கும். நேரம் குறைவாக இருந்தால் சுத்தம் செய்வதைச் சுருக்கிவிட்டு லூப் அடிப்பதுதான் பலருடைய வழக்கம். செயற்குழு அதற்கு நேர்மாறாகப் பரிந்துரைத்தது: சுத்தத்துக்கு முக்கால் பங்கு நேரம், லூப்புக்கு மீதி.

இதைப் புரிந்துகொள்ளச் செயினின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் ரோலர் செயினுக்கு 1880-ல் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்ட். அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. பக்கத் தகடுகள், அவற்றைக் கோக்கும் சிறு தண்டான 'பின்' (pin), அதன் மேல் சிறு குழாய் போன்ற புஷ், அதற்கும் மேல் சுழலும் ரோலர். செயின் 'நீளுகிறது' என்று சொல்கிறோமே, தகடு இழுபட்டு நீளுவது மிகக் குறைவு. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் இம்மியளவு ஆட்டம் விழுந்து, எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயின்களில் தொழிற்சாலையிலேயே கிரீஸை உள்ளே வைத்து ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். அந்தக் கிரீஸை நம்மால் மறுபடி உள்ளே நிரப்ப முடியாது. ஆகவே ரப்பர் வளையத்தைக் காப்பாற்றுவதுதான் அந்தச் செயினின் ஆயுளைக் காப்பாற்றுவது. மோட்டோகிராஸ் போட்டி வண்டிகள் சிலவற்றில் எடையும் உராய்வும் குறைய வேண்டும் என்று வளையம் இல்லாத சாதாரண செயின் போட்டிருப்பார்கள். அதற்கு வெளியிலிருந்து போகும் ஆயில்தான் பின்வரைக்கும் இறங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் கவனிக்க வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், இரண்டு தகடுகளுக்கு நடுவில் உற்றுப் பாருங்கள். கறுப்பாக ஒரு ரப்பர் விளிம்பு தெரிந்தால் அது வளையம் உள்ள செயின்.

அடுத்த பட்டறை சுத்தம் செய்வதற்கு. அதில் முதல் விதியாகச் சொன்னது பாதுகாப்பு. இன்ஜின் ஓடும்போது செயினில் யாரும் கை வைக்கக்கூடாது. கியரில் போட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டு, துணியைப் பிடித்துத் துடைப்பது சீக்கிரமாக முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். துணி சிக்கினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துவிடும். கையை எடுக்க நேரமே இருக்காது. நம் கொட்டகையில் இந்தப் பழக்கத்துக்கு இடமில்லை என்று செயற்குழு முடிவு செய்து, சுவரிலும் எழுதி வைத்திருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். அப்போதும் செயின் பல்லில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் போகக்கூடாது.

அப்புறம் வேலை. காய்ந்த மண்ணை முதலில் பிரஷ்ஷால் தட்டி உதிர்க்க வேண்டும். அதன் பிறகே தண்ணீர். பிரஷர் வாஷரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறுப்பினர்களிடையே இதில்தான் அதிக விவாதம் நடந்தது. சேற்றுச் சவாரி முடிந்து வரும் வண்டியை வேகத் தண்ணீரால் அடித்தால் ஐந்து நிமிடத்தில் புதுசு போல ஆகிவிடுகிறது, உண்மைதான். ஆனால் கிட்டத்தில் வைத்துச் செயினின் பக்கவாட்டில் நேராக அடித்தால், அந்த வேகம் ரப்பர் வளையத்தைத் தாண்டித் தண்ணீரையும் பொடி மணலையும் உள்ளே தள்ளக்கூடும். வீல் பேரிங்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பேரிங்கும் அதே கதைதான். பிரஷர் வாஷரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மட்கார்டு, டயர், இன்ஜினின் அடிப்பாகம் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செயினுக்கு சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும்.

ஒட்டியிருக்கும் பழைய லூப் தண்ணீருக்குப் போகாது. அதற்கு வளையத்தைப் பாதிக்காது என்று போட்டிருக்கும் செயின் கிளீனர், அல்லது மண்ணெண்ணெய். துணியையோ மெல்லிய நைலான் பிரஷ்ஷையோ நனைத்துத் துடைக்க வேண்டும். பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபக்கம், ரப்பர் கெடுவது இன்னொரு பக்கம். பிரேக் கிளீனரும் ரப்பருக்கு ஆகாது. கம்பி பிரஷ்ஷைக் கையிலேயே எடுக்காதீர்கள், வளையத்தைக் கிழித்துவிடும். நான்கு பக்கமும் துடைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, துடைக்கிறோம். சக்கரத்தை ஒட்டிய உள்பக்கம் அப்படியே இருந்துவிடுகிறது. மூன்று பக்கமும் முடி வைத்த செயின் பிரஷ் சங்கத்தில் இருக்கிறது, உறுப்பினர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம். முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் இதோடு சேர்ந்ததுதான்.

துடைத்து எடுத்த அழுக்கு மண்ணெண்ணெயைத் தரையில் ஊற்றக்கூடாது. நாம் ஓட்டும் பாதைகளின் மண்ணும் நீரோடையும் நம் பொறுப்பு. கொட்டகையில் இதற்கென்று மூடியுள்ள டின் வைத்திருக்கிறோம். சில நாள் அசையாமல் விட்டால் மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மறுபடி சுத்தம் செய்யப் பயன்படுத்துகிறோம், அடியில் தங்கும் கசடு கழிவு ஆயிலோடு போகிறது.

லூப் அடிப்பதில் நேரமும் இடமும் முக்கியம். ஈரம் போகத் துடைத்துக் காயவைத்த பிறகு, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் செயின் லேசாகச் சூடானதும் அடித்தால் உள்ளே நன்றாக இறங்கும். கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உள்முகத்தில் அடிக்க வேண்டும். செயின் சுற்றும்போது விசை வெளிப்பக்கம் தள்ளுவதால், உள்ளே அடித்தது தானே ரோலர் வழியாக வெளியே பரவும். வெளியே அடித்தால் பாதி காற்றில் போய்விடும். தகடுகளுக்கு நடுவே வளையம் இருக்கும் இரண்டு வரிசையிலும், அதன் பிறகு ரோலரிலும் படும்படி சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே மெல்லிய கோடாக அடித்தால் போதும். டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் பட்டுவிடாமல் பின்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, இதில் அலட்சியம் கூடவே கூடாது.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் லூப் கெட்டியாகி ஒட்டும். அடித்த கையோடு கிளம்பினால் எல்லாம் மட்கார்டில்தான் இருக்கும். சவாரி முடிந்த சாயங்காலமே செய்துவிட்டு இரவு முழுக்க விடுவது சிறந்தது. செயின் சூடாகவும் இருக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கவும் நேரம் கிடைக்காது. கடைசியில் வெளியே வழிந்ததை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். தொட்டுப் பார்த்தால் மெல்லிய படலம் இருக்க வேண்டும், பிசுபிசுப்பாகக் கையில் வரக்கூடாது. மணல் பாதைக்கு மெழுகு வகை லூப் நல்லது, மண் அவ்வளவாக ஒட்டாது. சேறும் மழையும் என்றால் ஒட்டிப் பிடிக்கும் வகை. ஸ்ப்ரே கிடைக்காதபோது 80 அல்லது 90 எண் கியர் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவலாம், பல வண்டிகளின் கையேடே அதை அனுமதிக்கிறது. வளையம் உள்ள செயினுக்கு லூப்பே தேவையில்லை என்ற பேச்சு நம்மிடையே இருந்தது. உள்ளே கிரீஸ் இருந்தாலும் ரோலரும் பல்லும் மோதும் இடத்துக்கும், ரப்பர் காய்ந்துவிடாமல் இருப்பதற்கும், துருவுக்கும் வெளிப்பூச்சு வேண்டும்தான்.

செயின் தளர்வைப் பற்றி, அதாவது செயினை மேலும் கீழும் அசைத்தால் நகரும் அளவைப் பற்றிச் சுருக்கமாக. சாலை வண்டி ஓட்டிப் பழகியவர்கள் டர்ட் பைக்கின் செயினைப் பார்த்ததும் லூஸ் என்று டைட் வைத்துவிடுகிறார்கள். முழு அளவு மோட்டோகிராஸ் வண்டியில் பின் சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட 300 மி.மீ. ஏறி இறங்குகிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக அதிகமாக இழுபடும். ஸ்டாண்டில் சரியாகத் தெரிகிற டைட், குதித்து இறங்கும்போது கியர்பாக்ஸ் பேரிங்கை இழுத்துக்கொண்டு நிற்கும். சாலை வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 35 மி.மீ. என்றால், டர்ட் பைக்குகளில் 50 மி.மீ.க்கு மேலும் சொல்லும் கையேடுகள் உண்டு. அளவையும், எந்த இடத்தில் அளப்பது என்பதையும் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்தே வையுங்கள்.

தேய்மானத்தை அளக்கவும் கற்றுக்கொண்டோம். 520 என்ற அளவுக் குறியீடு கொண்ட செயினில் ஒரு கண்ணியின் நீளம் 15.875 மி.மீ., ஆக 20 கண்ணிக்கு 317.5 மி.மீ. செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து பின்னின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அது 2 சதவீதம் கூடி 324 மி.மீ.யை நெருங்கினால் மாற்ற வேண்டிய நேரம். கையேடு அதைவிடக் குறைந்த வரம்பு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மாற்றும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கொக்கி போல வளைந்த பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். முன்னால் 13 பல்லும் பின்னால் 50 பல்லும் என்றால், முன் பல் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நாலு மடங்கு அடி வாங்குகிறது, தேய்வதும் அதுதான் முதலில். செயின் லாக்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், அதாவது மேல்பக்க ஓட்டத்தில் முன்னோக்கி. திருப்பிப் போட்டிருந்த கிளிப்புகளைப் பட்டறையிலேயே பார்த்தோம், அங்கேயே சரிசெய்தோம்.

இந்த ஆண்டு மனதுக்கு நிறைவாக இருந்த விஷயம் ஒன்று. சவாரி முடிந்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுப் போனவர்கள், இப்போது கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து செயினைத் துடைக்கிறார்கள். மூத்த உறுப்பினர்கள் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார்கள். கருவிகளைத் தந்தவர்களுக்கும், கொட்டகையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று முன்மொழிவுகளை வைக்கிறது. சவாரிக்குக் கிளம்பும் முன் தளர்வையும் செயின் லாக்கையும் இன்னொரு உறுப்பினர் பார்த்துச் சொன்ன பிறகே வண்டி புறப்பட வேண்டும். சவாரிக் குழு ஒவ்வொன்றும் அந்தந்த அளவுக்கான ஒரு செயின் லாக்கும் செயின் கழற்றும் கருவியும் கையோடு கொண்டுபோக வேண்டும். அடுத்த பட்டறை ஏர் ஃபில்டருக்கு. இவற்றைப் பொதுக்குழுவின் விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்